150 மதிப்பெண்ணும் 13 வினாக்களும்

வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்திய மாணவர்கள், இங்கே மருத்துவராகப் பதிவு பெறுவதற்கு ஒரு தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். எஃப்.எம்.ஜி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அத்தேர்வு, 2002-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் நடைமுறைக்கு வந்தது. தேசியத் தேர்வுகள் வாரியம் அதனை ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. 2023 ஜூன் தேர்வை எழுதியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே தேறினர். அதை அடுத்து வந்த 2023 டிசம்பர், 2024 ஜூன் தேர்வுகளில் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்ந்தது. உயர்ந்தது என்று சொல்லும்போதே எஞ்சிய நால்வரின் நிலை என்ன என்ற கேள்வியும் எழுகிறது.

அந்த நால்வரில் சிலர் எங்கள் முத்தையாபுரத்திலும் இருக்கிறார்கள். துறைமுகத்திலும் உர ஆலையிலும் உப்பளங்களிலும் உழைத்துச் சேர்த்த பணத்தோடு நகைக்கடனையும் சேர்த்துப் பிள்ளையை ரஷியாவுக்கோ, ஜார்ஜியாவுக்கோ, பிலிப்பின்ஸுக்கோ அனுப்பிய குடும்பங்கள் இவை. தூத்துக்குடியில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது என்றாலும், அதன் இடங்கள் எல்லாருக்கும் எட்டுவதில்லை. தனியார் கல்லூரிக் கட்டணமோ எட்டவே எட்டாது. ஆகவே கடல் கடக்கிறார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துப் பட்டத்தோடு திரும்பும் பிள்ளை, தேர்வில் தேறும்வரை சட்டத்தின் பார்வையில் மருத்துவர் அல்லர். ஊராரோ விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள்ளாகவே 'டாக்டர்' என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கழியும் ஆண்டுகள் மிகக் கொடியவை.

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்கு நுண்ணுயிரியலில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். குறைந்த காலத்தை எந்தப் பாடத்துக்கு எவ்வளவு பகிர்வது என்பது அடிப்படையில் பொருளியல் வினாவே. இத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து பாடத்தை எனக்கு விளக்கிச் சொல்லிப் பார்ப்பதும் வழக்கமாகியிருக்கிறது. மருத்துவம் அறியாதவனுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் அவர்களுக்கும் புரிந்துவிட்டது என்பது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு.

முதலில் தேர்வின் அமைப்பைப் பார்ப்போம். ஒரே நாளில் இரு பகுதிகளாக 300 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், அவற்றில் ஒன்றே சரி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 150 பெற்றால் தேர்ச்சி. தரவரிசை கிடையாது. 151 பெற்றவரும் 251 பெற்றவரும் ஒரே வாசலைத்தான் கடக்கிறார்கள். முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வோடு இதனைக் குழப்பிக்கொள்வது பலரும் செய்யும் முதல் பிழை. அங்கே அடுத்தவரை முந்த வேண்டும்; இங்கே ஒரு கோட்டைத் தாண்டினால் போதும். கோட்டைத் தாண்ட வேண்டியவர் அரிதினும் அரிதான செய்திகளைத் தேடி அலைவது வீண் செலவு.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் 100 வினாக்களுக்கு ஐயமின்றி விடை அறிவார் என்றும், எஞ்சிய 200-க்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை குறிக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கில் ஒன்று என்ற நிகழ்தகவின்படி அந்த 200-இல் 50 சரியாக அமையும். மொத்தம் 150. அதாவது, மூன்றில் ஒரு பங்கை உறுதியாக அறிந்தவரும் சராசரியில் கோட்டைத் தொட்டுவிட முடியும். இருந்தும் ஐந்தில் நால்வர் தொடவில்லை. இவர்கள் யாரும் படிக்காதவர்கள் அல்லர். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் படிப்பவர்களை நான் பார்க்கிறேன். பிறகு எங்கே ஒழுகுகிறது?

அரைகுறையாக அறிந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது என் கருத்து. எதுவும் அறியாதவர் குருட்டாம்போக்கில் குறித்தால் நான்கில் ஒன்று கிடைக்கும். பாதி அறிந்தவரை வினா அமைப்பவர் வேண்டுமென்றே வைத்த பொய் விடை இழுத்துக்கொள்ளும். அவருக்கு அந்த நான்கில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. இந்த ஆபத்து எல்லாப் பாடங்களிலும் உண்டு. ஆனால், பெயரும் உருவும் ஒன்றையொன்று ஒத்த உயிரிகள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும் நுண்ணுயிரியலில்தான் அது மிகுதி.

நுண்ணுயிரியலுக்கு இத்தேர்வில் ஒதுக்கப்பட்டவை 13 வினாக்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஒவ்வொன்றுக்கும் 17. பொது மருத்துவத்துக்கு 33. அறுவை மருத்துவத்துக்கு 32. மகப்பேறு மருத்துவத்துக்கும் சமூக மருத்துவத்துக்கும் தலா 30. முந்நூறில் பதின்மூன்று என்றால் நூற்றுக்கு நான்கரைகூட இல்லை. ஆறு மாதம் படிக்கும் ஒருவர் விகிதப்படி பகிர்ந்தால் இப்பாடத்துக்கு எட்டு நாள்தான் வரும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு.

பொருளியலில் புறப்பயன் என்று ஒரு கருத்து இருக்கிறது. ஒருவர் தேனீ வளர்த்தால் பக்கத்துத் தோட்டத்திலும் காய்ப்புக் கூடும். அந்தப் பயன் தேனீ வளர்ப்பவரின் கணக்கில் வராது. நுண்ணுயிரியலும் அப்படித்தான். காசநோய், மலேரியா, எய்ட்ஸ் பற்றிய வினா பொது மருத்துவத்தின் 33-க்குள் வரும். தடுப்பூசி அட்டவணையும் கொள்ளைநோய்ப் பரவலும் சமூக மருத்துவத்தின் 30-க்குள் வரும். அம்மையும் தொண்டை அடைப்பானும் குழந்தை மருத்துவத்திலும், கண்ணில் பூஞ்சைப் புண் கண் மருத்துவத்திலும், தொழுநோய் தோல் மருத்துவத்திலும் தலைகாட்டும். நுண்ணுயிர்க்கொல்லிகள் மருந்தியலின் 13-இல் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே எட்டு நாள் என்ற கணக்கை இரு மடங்காக்கலாம், அதுவும் முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே. அதற்கு மேல் போனால் குறைந்துசெல் பயன் விதி வேலை செய்யத் தொடங்கும்; பதினைந்தாவது நாள் தரும் பயனை இருபத்தைந்தாவது நாள் தராது.

சரி, அந்தப் பதினைந்து நாளை எப்படிச் செலவிடுவது? இதற்கு எங்கள் ஊரின் உப்பையே எடுத்துக்கொள்கிறேன்.

உப்பு கிருமியை வளரவிடாது என்பது கருவாடு போடும் எவருக்கும் தெரியும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி அதற்கு விலக்கு. ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு உப்பிட்ட ஒரு வளர்ப்பு ஊடகம் தயாரிக்கிறார்கள். கடல்நீரைப் போல் இரு மடங்குக்கு மேல் கரிப்பது அது. மற்றக் கிருமிகள் பெரும்பாலும் அதில் அடங்கிவிட, ஸ்டஃபைலோகாக்கஸ் தழைக்கும். ஊடகத்தில் மானிட்டால் என்ற சர்க்கரையும், அது புளித்தால் நிறம் மாறும் சாயமும் இருப்பதால், சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளரும்போது சிவப்பு ஊடகம் மஞ்சளாகும். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டவருக்கு மூன்று வினாக்களின் விடை கைவசமாகிறது. உப்புக்குத் தாங்கும் இக்கிருமி உணவிலும் வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருக வேண்டிய தேவையின்றி நஞ்சே நேராகச் செல்வதால், ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளாகவே வாந்தி தொடங்கிவிடும். 'சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்' என்று நோயாளி சொல்வதுபோல அமைந்த வினாவுக்கு, இவ்வளவையும் கோத்துப் பார்த்தவர் தடுமாற மாட்டார்.

அடுத்தது விப்ரியோ குடும்பம். வாந்திபேதி உண்டாக்கும் விப்ரியோ காலரே ஏறத்தாழ உப்பே இல்லாத நீரிலும் வளரும்; அதன் உறவான விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸுக்கோ உப்பு இல்லாவிட்டால் ஆகாது. ஆகவே முன்னது கெட்ட குடிநீரிலும், பின்னது சரியாக வேகாத கடலுணவிலும் வரும். டி.சி.பி.எஸ். என்ற ஊடகத்தில் முன்னது மஞ்சளாகவும் பின்னது பச்சையாகவும் வளரும்; சுக்ரோஸ் சர்க்கரையை முன்னது புளிக்கவைப்பதும் பின்னது விட்டுவிடுவதுமே காரணம். மூன்றாவது உறவான விப்ரியோ வல்னிஃபிகஸ், கடல்நீர் பட்ட காயத்தின் வழியே நுழைந்து, ஈரல் கெட்டவரின் உயிரையே குடித்துவிடக் கூடியது. இம்மூன்றையும் தனித்தனி நாளில் தனித்தனிப் பக்கத்தில் படிப்பவர் தேர்வு அறையில் குழம்புகிறார். ஒரே தாளில் மூன்று பத்தி போட்டு, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று எழுதியவர் குழம்புவதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கார்னெல், பியார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு ஓவியர்களின் நடையை இனங்காணக் கற்பித்தார்கள். ஓர் ஓவியரின் படங்களை மொத்தமாகப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போவது ஒரு முறை. எல்லாருடைய படங்களையும் கலந்து கலந்து பார்ப்பது மற்றொரு முறை. கலந்து பார்த்த முறையில்தான், முன்பின் பார்த்திராத படத்தைக் கண்டதும் யாருடையது என்று சொல்லும் திறன் கூடியிருந்தது. விசித்திரம் என்னவெனில், பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மொத்தமாகப் பார்த்ததே பயன் தந்ததாக நம்பினார்கள். கிருமிகளை இனங்காண்பதும் ஓவியரை இனங்காண்பதும் ஒரே வகை வேலைதான்.

இந்த ஏமாற்றம் படிப்பின் ஒவ்வொரு படியிலும் நிகழ்கிறது. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட சோதனை அனைத்து மாணவர்களும் அறிய வேண்டியது. ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தவர்கள் ஒரு பிரிவு. ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மற்றொரு பிரிவு. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழாயிற்று: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. இரவெல்லாம் கைப்பேசியில் பயிற்சி மையத்தின் காணொலியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவது, அந்த ஐந்து நிமிடத்து 81-இன் மயக்கம். காணொலியை நிறுத்திவிட்டு வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னால் பேனா நகர மறுக்கிறது. அந்த மறுப்பு கசப்பானது என்பதாலேயே பலரும் அதைத் தவிர்க்கிறார்கள்.

மறதி எப்படி நிகழ்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதனைப் பொருளாக்கி 1885-இல் எழுதிவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி உதிர்கிறது. பின்னர் உதிரும் வேகம் குறைகிறது. ஆகவே இன்று படித்ததை நாளை ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை பார்க்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும். இதற்கென்றே அங்கி என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதைக்காட்டிலும், கையால் எழுதிய அட்டைகளை ஒரு காலணிப் பெட்டியில் போட்டு, தெரிந்தவற்றைப் பின்னாலும் தெரியாதவற்றை முன்னாலும் நகர்த்துவதே மேல் என்பது என் சொந்த அபிப்பிராயம்; கைப்பேசியைத் திறந்தால் வேறு கதவுகளும் திறந்துகொள்கின்றன.

எதை அட்டையில் எழுதுவது? அனந்தநாராயணனும் ஜெயராம் பணிக்கரும் எழுதிய பாடநூல் இந்திய மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்துவரும் சிறந்த நூல். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க இத்தேர்வுக்குப் படிப்பவருக்கு நேரமில்லை. ஐயம் தீர்க்கும் அகராதிபோல் அருகில் வைத்துக்கொள்ளலாம். வரிசையை நோயாளியிடமிருந்து தொடங்குவதே தக்கது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் காய்ச்சலோடு ஒருவர் வருகிறார் என்று கற்பனை செய்துகொள்ளச் சொன்னேன். வெள்ளநீரில் நடந்தவர், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை எனில் எலிக்காய்ச்சல். புதர்க்காட்டுப் பக்கம் போனவர், அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் வலியற்ற கருந்தழும்பு எனில் ஸ்க்ரப் டைஃபஸ். உடல் முறிக்கும் வலி, தட்டணுக்கள் சரிவு எனில் டெங்கு. அதற்கு முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 சோதனை. படிப்படியாக ஏறும் காய்ச்சல் எனில் டைஃபாய்டு. அதற்கு முதல் வாரத்தில் ரத்தத்தில் கிருமி வளர்ப்பு. டைஃபாய்டுக்குக் கொடுக்கும் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி ஸ்க்ரப் டைஃபஸைத் தொடாது. ஏனெனில் அக்கிருமி உயிரணுவுக்குள் குடியிருப்பது, பென்சிலின் வகை மருந்துகள் தாக்கும் இலக்கும் அதனிடம் இல்லை. டாக்ஸிசைக்ளின் தர வேண்டும். டெங்குவுக்கோ எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் வேண்டாம். நான்கு காய்ச்சல், நான்கு கிருமி, நான்கு வழி. இப்படிப் படித்த ஒரு மாணவி, 'இது பாடம் மாதிரியே இல்லை சார், ஓ.பி.யில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது' என்றாள்.

தேர்வுக்கு மட்டுமான உத்தியாக இதனைக் கருத வேண்டாம். ஸ்க்ரப் டைஃபஸ் தமிழ்நாட்டில் இன்றும் உயிர் பறிக்கும் நோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, முற்றிய நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பயன் தருகிறது என்று 2023-இல் காட்டியது. பழைய குறிப்பேட்டை நகலெடுத்துப் படிப்பவருக்கு இது தெரியாது.

தமிழ்நாட்டு நுண்ணுயிரியலுக்குச் சொந்தக் கதைகள் உண்டு. கதையோடு சேர்ந்த செய்தி எளிதில் உதிர்வதில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி நிர்மலாவின் ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரிகள் திரட்டச் சொன்னார். குளிர்பெட்டியில் வேலூருக்குக் கொண்டு சென்று சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது; இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான். இக்கதையைச் சொல்லிவிட்டு, எலைசா சோதனையில் ஐயம் வந்தால் உறுதிசெய்ய என்ன சோதனை என்று கேட்டால் விடை தானே வரும். அதுபோல், 1992 இறுதியில் சென்னையில் ஒரு புதுவகை வாந்திபேதி தோன்றியது. அதுவரை கொள்ளைநோய் உண்டாக்கியவை ஓ1 வகைக் கிருமிகளே, இதுவோ ஓ139. பழைய வகைக்கு எதிராகப் பெற்ற தடுப்பாற்றல் இதன்முன் செல்லுபடியாகாததால் பெரியவர்களையும் தாக்கியது. பிறகு கொல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவி, 'வங்காளம்' என்ற பெயரைப் பெற்றுக்கொண்டது. பிறந்த இடம் சென்னை, பெயர் வங்காளம். இந்தப் பொருத்தமின்மையே அந்த எண்ணை மனத்தில் ஆணியடித்துவிடும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு முகாம்கள் காலரா மூண்டு பாதியில் கலைந்த வரலாறும் உண்டு. பல்லாயிரம் பேர் சில வாரம் கடற்கரையில் கூடினால் குடிநீருக்கும் கழிவுக்கும் என்ன வழி என்பது சமூக மருத்துவப் பாடம்தானே.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. இம்மாணவர்களில் பலர் தமிழில் பள்ளிப் படிப்பு, அரைகுறை ரஷிய மொழியில் மருத்துவமனைப் பயிற்சி, ஆங்கிலத்தில் பாடநூல் என்று மூன்று படகுகளில் கால் வைத்தவர்கள். 2021-ஆம் ஆண்டின் விதிமுறைகள் வெளிநாட்டுப் படிப்பு முழுவதும் ஆங்கிலவழியில், குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. படிப்பைத் தொடங்கியதிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும் என்றும் கூறுகின்றன. இவர்களுக்கு நான் சொல்வது: ஏன், எப்படி என்பதைத் தமிழில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளுங்கள், பெயர்களையும் வினாக்களையும் ஆங்கிலத்தில் பழகுங்கள். வாரத்துக்கு ஒருநாள் 150 வினாக்களை 150 நிமிடத்தில், இடையில் எழாமல் எழுதுங்கள். பிறகு, தவறிய ஒவ்வொரு விடைக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தெரியவே தெரியாது, இரண்டுக்குள் குழம்பினேன், வினாவைச் சரியாகப் படிக்கவில்லை. எங்கள் திண்ணைக் கணக்கில் இரண்டாவது வகையே எப்போதும் மிகுதி. அந்த வகையை மட்டும் தனித் தாளில் சேர்த்துக்கொண்டு வந்தால், தேர்வுக்கு முந்தைய மூன்று நாளும் படிக்க வேண்டியது அந்தத் தாள் ஒன்றுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேறாத பிள்ளையைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவுப்பணி 'டாக்டராக' உட்கார வைத்து நாலு காசு சம்பாதிக்கட்டும் என்று நினைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அது படிக்க வேண்டிய இரவுகளைத் தின்றுவிடும். கல்யாணப் பேச்சையும் கடன் பேச்சையும் ஆறு மாதம் ஒத்திவையுங்கள். ஐந்தில் ஒருவர் தேறும் தேர்வில் முதல்முறை தவறுவது இயல்பு. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத இத்தேர்வில் வழி உண்டு. ஆனால், முன்பு படித்த முறையிலேயே மீண்டும் படித்து எழுதுவதற்கு அடுத்த ஆறு மாதத்தைச் செலவழிப்பதா என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சென்ற தேர்வின் மதிப்பெண் விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அரை மணி நேரம் போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), முத்தையாபுரம்.